ஏரிக்கு யார் மேனேஜர்?

ராக்கெட்டும் இறாலும் அக்கம்பக்கமாக இருக்கும் பழவேற்காட்டிலிருந்து, ‘புராஜெக்ட்’ எங்கே முடிகிறது, ‘புராடக்ட்’ எங்கே தொடங்குகிறது என்று ஒரு விசாரணை

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவத் தேதி குறித்துவிட்டால், பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு மீன்வளத் துறையிடமிருந்து தகவல் வந்துவிடும். அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது. ஃபைபர் படகுகள் கரையேறிக் கிடக்கும். அன்றைய வரும்படி அன்றோடு போனதுதான்.

ஆனால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டுகள் ஏற்றிச் செல்லும் செயற்கைக்கோள்களில் சில மீனவருக்காகவே உழைப்பவை. 1999 மே 26 அன்று பி.எஸ்.எல்.வி. கொண்டுபோய் நிறுத்திய ‘ஓஷன்சாட்’ கடலின் நிறத்தை அளந்தது. நிறத்தை வைத்து நீரில் பாசி எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று கணக்கிடலாம். பாசி இருக்கும் இடத்துக்கு மீன் வரும். இந்தக் கணக்கோடு கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் சேர்த்து, மீன் கூடும் இடங்களை ஐதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ என்ற மத்திய அரசு நிறுவனம் அறிவிக்கிறது. 2009-லும் 2022-லும் அதே வரிசையில் அடுத்தடுத்த செயற்கைக்கோள்கள் போயின.

ஒருநாள் பிழைப்பை விட்டுக்கொடுத்தவருக்கு அந்த வானத்திலிருந்தே பலன் திரும்பி வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ராக்கெட் குறித்த நேரத்தில் கிளம்பியதா என்று பார்க்க ஸ்ரீஹரிகோட்டாவில் ஆள் இருக்கிறது. பலன் வந்து சேர்ந்ததா என்று பழவேற்காட்டில் பார்ப்பது யார்? நிர்வாக உலகில் இவை இரண்டும் இரண்டு தனி வேலைகள்.

இரண்டு பேருமே ‘பி.எம்.’

சென்னை ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் இரண்டு பேரையும் ‘பி.எம்.’ என்றே கூப்பிடுகிறார்கள். ஒருவர் புராஜெக்ட் மேனேஜர், இன்னொருவர் புராடக்ட் மேனேஜர். புதிதாக வேலை தேடும் பட்டதாரிக்கு மட்டுமில்லை, பத்து வருஷம் சர்வீஸ் போட்டவருக்கும் எல்லை எங்கே என்று சட்டென்று சொல்ல வராது.

கல்யாணத்தை நடத்திக் கொடுப்பவருக்கும் குடித்தனம் நடத்துகிறவருக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னவருக்கு முகூர்த்த நேரம் உண்டு, இவ்வளவுதான் செலவு என்ற கணக்கு உண்டு. பந்தி முடிந்து மண்டபத்தைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது. பின்னவருக்கு முடிவுத் தேதி கிடையாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இன்று என்ன வேண்டும், அடுத்த வருஷம் என்ன வேண்டும், எதை வாங்காமல் விட்டாலும் பரவாயில்லை என்று ஓயாமல் யோசிக்க வேண்டியவர் அவர்.

அலுவலக மொழியில் சொன்னால், எடுத்த வேலையை எத்தனை நாளில், எவ்வளவு பணத்தில், எத்தனை ஆட்களோடு முடிப்பது என்பது புராஜெக்ட் மேனேஜரின் கவலை. அந்த வேலையை எடுக்கத்தான் வேண்டுமா, யாருக்காக எடுக்கிறோம், முடிந்த பிறகு அவர் அதைப் பயன்படுத்துகிறாரா என்பது புராடக்ட் மேனேஜரின் கவலை.

தீவில் நடந்த உதாரணம்

இதற்குச் சரியான சான்று பழவேற்காட்டு ஏரியின் கிழக்குக் கரையிலேயே, ஸ்ரீஹரிகோட்டா தீவிலேயே இருக்கிறது. எஸ்.எல்.வி-3 ஒரு புராஜெக்ட். அதன் இயக்குநர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். சுமார் 40 கிலோ எடையைச் சுற்றுப்பாதையில் நிறுத்தும் ராக்கெட்டை நாமே செய்ய வேண்டும் என்பது இலக்கு. 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் முயற்சி. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு வால்வு ஒன்றில் ஏற்பட்ட கசிவால், கிளம்பிய சுமார் ஐந்து நிமிஷத்தில் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று, 35 கிலோ எடையுள்ள ‘ரோகிணி’ சுற்றுப்பாதையில் நின்றது. மொத்தம் நான்கே ஏவுதல்கள். 1983-ல் எஸ்.எல்.வி-3 ஓய்வு பெற்றது. எடுத்த காரியம் முடிந்ததால் கணக்கை மூடினார்கள். நல்ல புராஜெக்டுக்கு இலக்கணம் அதுதான்.

1979-ல் ராக்கெட் விழுந்த அன்று, பத்திரிகையாளர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு வெற்றி கிடைத்ததும் கலாமைப் பேசச் சொன்னார். கலாம் பல மேடைகளில் சொன்ன இந்தக் கதையை நாம் பெருந்தன்மைக்கு உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நிர்வாகக் கண்ணால் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஒரு ஏவுதலின் வெற்றி தோல்வி கலாமின் மேஜையில் இருந்தது. தவானின் மேஜையில் இருந்தது, இந்த நாட்டுக்கு எதற்காக ராக்கெட் வேண்டும் என்ற நெடுநாள் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு தோல்வி ஒரு வரிதான்.

பி.எஸ்.எல்.வி. வேறு ரகம். 1993 செப்டம்பரில் முதல் முயற்சி தோற்றது, 1994 அக்டோபரில் வென்றது. வென்ற பிறகும் யாரும் கணக்கை மூடவில்லை. எடை கூடிய செயற்கைக்கோளோடு வருபவருக்கு ஒரு வடிவம், குறைந்த எடையோடு வருபவருக்கு இன்னொரு வடிவம் என்று அது வளர்ந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே ஏவுதலில் 104 செயற்கைக்கோள்கள் போயின. 2019-ல் தொடங்கிய ‘நியூஸ்பேஸ் இந்தியா’ என்ற அரசு நிறுவனம் இதன் வணிகத்தைப் பார்க்கிறது. பி.எஸ்.எல்.வி. ஒரு புராடக்ட். ஆனால், அதன் ஒவ்வொரு ஏவுதலும் தேதியும் செலவும் கவுன்ட் டவுனும் உள்ள தனி புராஜெக்ட். ஒரு புராடக்டின் ஆயுளுக்குள் பல புராஜெக்டுகள் அடங்கியிருக்கும். இரண்டு வேலைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவது இந்த இடத்தில்தான்.

சோப்பிலிருந்து ஏவுகணைக்கு

இந்த இரண்டு தொழில்களும் வெவ்வேறு வீட்டில் பிறந்தவை. புராடக்ட் மேனேஜர் பிறந்தது சோப்புக் கம்பெனியில். அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் ‘கேமே’ சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீல் மெக்எல்ராய். அதே கம்பெனியின் ‘ஐவரி’ சோப்புக்குக் கிடைக்கும் கவனிப்பு கேமேக்குக் கிடைக்கவில்லை. 1931 மே 13 அன்று மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். ஒவ்வொரு சோப்புக்கும் ஒரு ஆள் வேண்டும், விற்பனை எங்கே சரிகிறது, ஏன் சரிகிறது என்று நேரில் போய்ப் பார்த்து முழுப் பொறுப்பையும் அவர் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைய புராடக்ட் மேனேஜர்களின் வம்சாவளி அந்தக் குறிப்பிலிருந்துதான் எழுதப்படுகிறது.

புராஜெக்ட் மேனேஜரின் வீடு தொழிற்சாலையும் ராணுவமும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஹென்றி கேன்ட் பரவலாக்கிய பட்டை அட்டவணை இன்றும் எல்லா அலுவலகச் சுவரிலும் இருக்கிறது. 1958-ல் அமெரிக்கக் கடற்படை, ‘போலாரிஸ்’ ஏவுகணைக்காக ‘பெர்ட்’ முறையைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான வேலைகளில் எது தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று கண்டுபிடிக்கும் வழி அது. அப்போது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் யார் தெரியுமா? அதே மெக்எல்ராய்தான். சோப்புக்குப் பொறுப்பாளர் கேட்ட மனிதரின் காலத்தில்தான் ஏவுகணைக்கு அட்டவணை வந்தது.

தேதியா, தேவையா?

தமிழ்நாட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது அட்டவணை வீட்டுப் பிள்ளைதான். நம் ஐ.டி. துறை சேவைத் துறையாக வளர்ந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் கிளையன்ட் முடிவு செய்துவிடுவார். எப்போது முடிப்போம், எத்தனை பேர் என்பதே இங்குள்ளவர் கவலை. ஒரு தலைமுறையே புராஜெக்ட் மேனேஜராகத் தேறியது. 1996-ல் தொடங்கி பின்னாளில் ‘ஸோஹோ’ ஆன நிறுவனமும், 2010-ல் சென்னையில் தொடங்கி 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலான ‘ஃப்ரெஷ்வொர்க்ஸ்’ நிறுவனமும் வளர்ந்தபோது இன்னொரு ஆள் தேவைப்பட்டார். என்ன செய்யலாம் என்று சொல்ல அங்கே கிளையன்ட் இல்லை. யாரோ எங்கோ ஒரு கடையில் உட்கார்ந்து இந்த மென்பொருளோடு மல்லுக்கட்டப் போகிறார். அவர் மனதை இங்கிருந்தே அறிய வேண்டும்.

இருவருக்கும் பொதுவானவை நிறைய. இரண்டு பேருமே எல்லோரிடமும் பேசியாக வேண்டும், வேலைகளை வரிசைப்படுத்த வேண்டும், முகம் கோணாமல் ‘முடியாது’ சொல்ல வேண்டும். பொறியாளர்கள் பெரும்பாலும் இவர்களுக்கு நேரடியாகக் கீழே இருப்பதில்லை. அதட்டி வேலை வாங்க முடியாது, சொல்லிப் புரியவைத்துத்தான் வாங்க வேண்டும். சின்னக் கம்பெனிகளில் ஒருவரே இரண்டு வேலையையும் பார்ப்பார். அப்போது ஒரு விபத்து நடக்கும். தேதிக்குச் சத்தம் அதிகம். தேவை சத்தம் போடாது. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டியது, யாருக்காக முடிக்கிறோம் என்ற கேள்வியை விழுங்கிவிடும். இரண்டு நாற்காலிகளைத் தனித்தனியாகப் போடுவதற்குக் காரணம் இதுதான். சண்டை ஒருவருடைய மண்டைக்குள் நடந்தால் தேதி ஜெயித்துவிடும். இரண்டு பேருக்கு நடுவில் நடந்தால் தேவையும் வாய் திறக்கும்.

கரையில் ஒலிபெருக்கி

மீனவருக்கான தொழில்நுட்பத்தில் இந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று பார்க்கலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களைத் திறந்தது. கம்ப்யூட்டரும் இணைப்பும் வந்து இறங்கியதோடு புராஜெக்ட் முடிந்தது என்று எழுதிவிடலாம். ஆனால், விடியும் முன் கடலுக்குப் போகிறவர் மையத்துக்கு வந்து திரை முன் உட்காரமாட்டார். அதனால் வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, பக்கத்து நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. சுனாமி என்ற எச்சரிக்கை அந்த ஊர் மையத்தின் ஒலிபெருக்கி வழியாகவே ஊர் முழுக்கப் போனது. ஜனங்கள் ஓடித் தப்பினார்கள்.

2017 நவம்பர் கடைசியில் ‘ஒக்கி’ புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து விலகிவிட்டால் செல்போனுக்கு சிக்னல் இல்லை. 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி மீனவரின் செல்போனுக்குத் தரும். ஆனால், அது ஒருவழிப் பாதை. கடலில் தத்தளிப்பவர் அதன் வழியே திரும்பிப் பேச முடியாது. பிறகு இருவழியாகச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பான்டர்கள் வந்தன. ஒரு லட்சம் படகுகளுக்கு அவற்றைப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிவைத்தார். பயன்படுத்துகிறவரின் அனுபவத்திலிருந்து அடுத்த வடிவம் பிறப்பதுதான் புராடக்ட் வேலை. இங்கே அது நடந்திருக்கிறது, பெரிய விலை கொடுத்த பிறகு.

இவை எல்லாமே கடலுக்குப் போகிறவருக்கு. பழவேற்காட்டில் பாதிப் பிழைப்பு ஏரிக்குள். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழமே உள்ள நீரில் இறால், நண்டு, மடவை பிடிப்பவருக்கு ஆழ்கடலில் மீன் கூடும் இடம் தெரிந்து ஆகப்போவது எதுவுமில்லை. ராமேஸ்வரம் படகுக்கு உயிர்நாடியான, கடல் எல்லைக்கோடு நெருங்குகிறது என்ற எச்சரிக்கையும் இவருக்கு வேண்டாம். முகத்துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது, ஏரியில் உப்பு ஏறியிருக்கிறதா, ஆரணி ஆற்றில் வெள்ளம் எப்போது வரும் என்பதே அவர் கேள்வி. ‘மீனவர்’ என்ற ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பது, கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

பாடு: ஒரே கையில் இரண்டு வேலை

பழவேற்காட்டு மீனவர்கள் இந்த இரண்டு வேலைகளையும் மேனேஜ்மென்ட் புத்தகங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே செய்துவருகிறார்கள். அதற்குப் பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பிடிக்கும் இடங்கள் எல்லாம் ஒரே தரம் இல்லை. ஒன்றில் வலை கட்டினால் நிறையும், இன்னொன்றில் பாதிதான். எல்லோரும் நல்ல இடத்துக்கே முண்டியடித்தால் அடிதடி வரும், இறாலும் தீரும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இடங்களைப் பங்கு வைத்து, முறை போட்டு, சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று தீர்மானிக்கும் வழக்கம் வந்தது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1991-ல் வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வு இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது.

யார், எங்கே, எப்போது என்ற முறைப் பட்டியல் அசல் புராஜெக்ட் மேனேஜர் வேலை. எந்த வலை கூடும், எது கூடாது, எத்தனை பேருக்கு ஏரி தாங்கும் என்ற முடிவு புராடக்ட் மேனேஜர் வேலை. ஊர்க்கூட்டம் இரண்டையும் சேர்த்தே பார்த்தது. பட்டியல் போடுபவருக்கும் முடிவெடுப்பவருக்கும் நடுவில் தூரம் இல்லை. தவறினால் மறுநாள் அதே கரையில் முகத்தில் முழிக்க வேண்டும்.

ஆனால், பயனாளர் யார் என்ற கேள்வியைக் கேட்டதும் பாடு தடுமாறும். பங்கு பெறத் தலைக்கட்டு ஆக வேண்டும். அந்தக் குப்பங்களின் பட்டினவர் சமூகத்தில் கல்யாணமான ஆண்களே தலைக்கட்டு. தலித் மீனவர்களுக்கு அதில் இடமில்லை. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு இல்லை. மீனைக் கூடையில் சுமந்து விற்கும் பெண்களுக்கும் இல்லை. ஏரியில் பிழைப்பவர் எண்ணிக்கை கூடி, மீன் குறையக் குறைய இந்த வேலி உரசலுக்கு இடமானது. 2008-ல் வெளியான ஆய்வில் சாரா கோல்ட்ஹார்ட் காட்டியதும் இதைத்தான்: உள்ளே இருப்பவரைக் காக்கும் அமைப்பே, வெளியே இருப்பவர் மாற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தடுக்கவும் செய்கிறது. முறைப் பட்டியல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், யாருக்கான பட்டியல் என்ற கேள்வியை அதனால் தீர்க்க முடியாது.

முகத்துவாரத்தில் மணல்

பழவேற்காட்டில் பல வருஷமாகக் கேட்கும் கோரிக்கை ஒன்று உண்டென்றால் அது நிரந்தர முகத்துவாரம். வங்கக் கடலோரம் மணல் வருஷத்தின் பெரும்பகுதி வடக்கே நகரும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே நகரும். ஆற்றில் நீர் வற்றும் கோடையில் ஏரியின் வாயை மணல் அடைத்துக்கொள்ளும். வாய் அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. தோண்டுவார்கள், மறுபடி அடைக்கும். அதனால்தான் வாயின் இரண்டு பக்கமும் நேர்கல் சுவர் கட்டும் சுமார் 27 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தமிழக அரசு கையில் எடுத்தது. பறவைகள் சரணாலயம் என்பதால் வனவிலங்குச் சட்டத்தின் அனுமதிகளும் வேண்டியிருந்தன.

நியாயமான, தேவையான புராஜெக்ட். ஆனால், கடலுக்குள் கல் போட்டால் மணல் வேறு எங்கோ கணக்கைத் தீர்க்கும். சென்னைத் துறைமுகத்தின் சுவர் எழும்பிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. பழவேற்காட்டுச் சுவருக்கு வடக்கே உள்ள கரை என்னவாகிறது, இறால் வரத்து கூடியதா, உப்பின் அளவு எந்த மாதத்தில் எப்படி, கூடுதலாக வந்த மீன் யார் வலையில் விழுகிறது என்று பத்து வருஷம் தொடர்ந்து பார்க்க வேண்டும். பொறியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவரை ஒப்படைத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது.

பிறகு யார்? மீன் மீன்வளத் துறையிடம், பறவை வனத் துறையிடம், ஆறு நீர்வளத் துறையிடம். ஏரியின் பெரும்பகுதியோ ஆந்திரத்தில். சூலூர்ப்பேட்டையிலிருந்து ராக்கெட் தளத்துக்குப் போகும் சாலை, ஏரியின் வடபகுதியைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஒவ்வொரு துறைக்கும் திட்டம் இருக்கிறது, திட்டத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். மொத்த ஏரிக்குப் பொறுப்பாளர் இல்லை.

சிலிகா செய்தது

இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர் ஏரியான ஒடிசாவின் சிலிகா, இதே நோயில் கிடந்தது. வாய் தூர்ந்து, உப்பு குறைந்து, களை மண்டியது. 1993-ல், ஈரநிலங்களுக்கான ராம்சர் சர்வதேச உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தது. ஒடிசா அரசு 1991-லேயே சிலிகா மேம்பாட்டு ஆணையம் என்ற தனி அமைப்பை உருவாக்கியிருந்தது. ஆய்வுகளுக்குப் பிறகு 2000 செப்டம்பரில் புது முகத்துவாரம் வெட்டினார்கள். 1999-2000-ல் 2,000 டன்னுக்கும் கீழே இருந்த மீன் வரத்து, இரண்டே வருஷத்தில் 10,000 டன்னைத் தாண்டியது. 2002-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து ஏரி நீங்கியது, ராம்சர் விருதும் வந்தது.

வாய் வெட்டியது புராஜெக்ட். அது ஒருமுறை நடந்தது. வெட்டிய பிறகு ஏரியின் நீரை, களையை, மீனை, பறவையை வருஷா வருஷம் அளந்துகொண்டே இருக்கும் ஆணையம்தான் அந்த வெட்டுக்கு அர்த்தம் கொடுத்தது. சிலிகாவிலும் இறால் பண்ணை ஆக்கிரமிப்பு போன்ற சச்சரவுகள் தீரவில்லை. ஆனால், அந்தச் சச்சரவை யாரிடம் கொண்டுபோவது என்பதில் அங்கே குழப்பம் இல்லை. அந்த ஏரி ஒரே மாநிலத்துக்குள் இருப்பது அதற்கு வசதி. பழவேற்காட்டுக்கு அந்த வசதி இல்லாததே, இரு மாநிலமும் சேர்ந்த ஓர் அமைப்பு வேண்டும் என்பதற்கு வலுவான காரணம்.

அப்படி ஒரு அமைப்பு வந்தால் அதன் முதல் வேலை, எதுவும் கட்டுவதாக இருக்கக் கூடாது. ஏரியை நம்பி இருப்பவர் யார் யார் என்று தலைக்கட்டுக்கு வெளியே இருப்பவரையும் சேர்த்துப் பட்டியல் எடுக்க வேண்டும். அவர்களுக்கு எது நடந்தால் ஏரி நலம் என்று அவர்களிடமே கேட்டு, அதை மாதாமாதம் அளக்க வேண்டும். அதற்குப் பிறகே சுவரா, தூர்வாருதலா, குளிர்பதனக் கிடங்கா, செல்போன் செயலியா என்று புராஜெக்டுகளைத் தேர்வு செய்ய வேண்டும். தேவையில்லாத புராஜெக்டை, பணம் வந்திருந்தாலும், திருப்பி அனுப்பும் அதிகாரமும் அதற்கு வேண்டும்.

நம் ஊரில் புராஜெக்ட் மேனேஜர்களுக்குப் பஞ்சமில்லை. அடிக்கல்லும் திறப்பு விழாவும் நமக்குக் கைவந்த கலை. எத்தனை கோடி, எப்போது முடியும் என்ற இரண்டு கேள்விகளை நாமும் தவறாமல் கேட்கிறோம். திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து இதற்கு யார் பொறுப்பு என்ற மூன்றாவது கேள்விக்கு அரசாணையில் ஒரு பெயர் இல்லையென்றால், பணத்தை முழுதாக ஒதுக்கிவிட்டு வேலையைப் பாதியோடு நிறுத்திவிட்டோம் என்று பொருள்.